நுரையீரல் புற்றுநோயும் செடிகொடி மருந்துகளும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி கோரிமேட்டுப் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். பார்மசி படித்தவள், டாக்டர் இல்லை. கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள். நான் மருந்து எடுத்து வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும். டாக்டரிடம் கேட்கக் கூச்சம், பக்கத்து வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒரே சந்தேகத்தைப் பல வாயில் கேட்டுவிட்டதால் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"கீமோன்னா கெமிக்கல், மூலிகைன்னா இயற்கை. ரெண்டும் வேற வேறதானே அக்கா?"

அப்படிப் பிரிக்க முடியாது. நுரையீரல் புற்றுநோய்க்கு டிரிப்பில் ஏறும் மருந்துகளில் பல, செடியிலோ மரத்திலோ பிறந்தவை. வினோரெல்பின் நித்தியகல்யாணி வழி வந்தது. பேக்லிடாக்சலும் டோசிடாக்சலும் யூ என்கிற ஊசியிலை மரத்தின் பிள்ளைகள். எட்டோபோசைடுக்கு மூலம் போடோபில்லம் என்ற குளிர்நாட்டுச் செடி. அதில் ஒரு வகை இமயமலையிலும் வளர்கிறது. டோபோடீகானுக்கும் இரினோடீகானுக்கும் தாய்மரம் சீனாவில்.

அதற்காக எல்லாமே செடி என்றும் நினைத்துவிட வேண்டாம். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் இரண்டிலும் இருப்பது பிளாட்டினம் என்ற உலோகம். நிறையப் பேருக்கு எழுதப்படும் 'பேக்லி-கார்போ' ஜோடியில் ஒன்று மரத்தின் பிள்ளை, மற்றது உலோகம். "எங்களுக்கு இயற்கை மருந்தே போதும்மா" என்ற ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் சீட்டையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க வாசல்லயே நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கு. கஷாயம் வெச்சுக் குடுத்தா கீமோ செலவு மிச்சம்தானே?"

வேண்டாம். நம் மணல் மண்ணில் தண்ணீர் ஊற்றாமலே வளர்கிற இந்தச் செடிக்குச் சுடுகாட்டுப் பூ என்றும் பெயர் உண்டு. சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஆடு மாடு அதில் வாய் வைக்காது, கவனித்திருப்பீர்கள்.

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடத்துக்கு ஜமைக்காவிலிருந்து தபாலில் இந்த இலை வந்தது. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைத் தேநீர் போட்டுக் குடித்தார்களாம். சாறு எடுத்து எலிகளுக்குக் கொடுத்தால் சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்தன, எலிகள் தொற்று கண்டு செத்தன. ஏன் செத்தன என்று தோண்டியபோது கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் அதை அறிவித்தார்கள். அதில் ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் ஆல்கலாய்டு என்ற வகை வீரியச் சத்துகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்தாக வேலை செய்ய அது பற்றாது. வாந்தி வரவும் பிரஷர் இறங்கவும் போதும்.

வினோரெல்பின் செடியில் அப்படியே கிடைப்பதும் இல்லை. பியர் பொத்தியே என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் குழு, இந்தச் செடியின் மூலக்கூறுகளை இணைத்து, மாற்றி உருவாக்கியது அது. 1994-ல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும் மருந்து. அதனால்தான் ஏற்றும்போது நர்ஸ் கையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இதையா அடுப்படியில் காய்ச்சுவது?

"பேக்லிடாக்சல் எந்த மரம்? அதுக்கு ஏன் டிரிப் டியூப் கூடத் தனியா வாங்கச் சொல்றாங்க?"

1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அதிலிருந்து மருந்தைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்தவர். 12 கிலோ பட்டைக்குக் கிடைத்தது அரை கிராம்தான்! பட்டையை உரித்தால் மரமும் பட்டுப்போகும். அதனால் பிறகு வேறு வழி கண்டுபிடித்தார்கள்: ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து பாதி செய்த பொருளை எடுத்து மீதியைத் தொழிற்சாலையில் முடிப்பது, அல்லது மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்ப்பது. இலை மறுபடி துளிர்க்கும், மரம் பிழைக்கும்.

வேலை செய்யும் விதத்தை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். செல் இரண்டாகப் பிரிய உள்ளே இழைகள் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். கோயில் திருவிழாப் பந்தல் மாதிரி. நித்தியகல்யாணி மருந்து பந்தக்காலே ஊன்ற விடாது. பேக்லிடாக்சல் ஊன்றிய காலைப் பிடுங்க விடாது. எப்படியானாலும் செல் பிரிய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 1998-ல் நுரையீரலுக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்தது.

இனி டியூபுக்கு வருவோம். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் கலந்து வருகிறது. அந்தக் கரைப்பான் சாதாரண பிவிசி டியூபிலிருந்து பிளாஸ்டிக் பொருளை இழுத்துவிடும், அதனால் தனி செட். சிலருக்கு அது ஒவ்வாமையும் தரும், அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும். கடைக்காரி கூடுதலாக விற்கப் பார்க்கிறாள் என்று நினைக்க வேண்டாம். விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், அடுத்த டோசுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

"தாலீசபத்திரியும் அந்த யூ மரமும் ஒண்ணுன்னு நாட்டுமருந்துக் கடைல சொன்னாரே?"

கேட்டவர் விவரமான ஆள். தாலீசபத்திரி என்ற பெயரில் சந்தையில் ஒரே இலை வருவதில்லை. பெரும்பாலும் இமயமலையின் ஏபிஸ் மர இலை. சில இடங்களில் யூ இலை. நம் பக்கம் இவை இரண்டுமே இல்லாத வேறு இலையும் அதே பெயரில் விற்கிறது. பொட்டலத்தில் இருப்பது எது என்று பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

யூ இலையே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டாக்சின் (taxine) என்ற இன்னொரு நஞ்சு இருக்கிறது, அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். பேக்லிடாக்சலோ வாய் வழியாகப் போனால் சரியாக உறிஞ்சப்படாது. குடல் சுவரே அதைத் திருப்பித் தள்ளிவிடும். ஊசியாக ஏற்றுவதற்குக் காரணமே அதுதான். ஆக, இலையைத் தின்றால் வேண்டியது ஏறாது, வேண்டாதது ஏறும்.

"ஸ்மால் செல்னு எழுதியிருக்கு. அதுக்கும் செடி மருந்துதானா?"

ஆமாம். ஸ்மால் செல் என்பது நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை. அதற்கு எட்டோபோசைடு. கூடவே சிஸ்பிளாட்டினோ கார்போபிளாட்டினோ சேரும். போடோபில்லத்தின் வேர்ச்சத்து நேரடியாகக் கொடுக்க முடியாத அளவு கடுமையானது. அதை மாற்றியமைத்துச் செய்தது இது. அமெரிக்காவில் 1983-ல் அனுமதி.

நோய் திரும்பினால் டோபோடீகான் எழுதுவது உண்டு. அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1966-ல் அதே வால், வானி குழுதான் சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசினைப் பிரித்தது. 1970-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் இரத்தம் வரும் அளவுக்குப் பக்கவிளைவு. கைவிட்டார்கள். பிறகு மூலக்கூறை மாற்றிய வடிவம்தான் மருந்தாயிற்று. செடியில் இருந்தது இருந்தபடியே கொடுத்துத் தோற்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"எங்கப்பாவுக்கு டிரிப்பே இல்ல, தினம் ஒரு மாத்திரைதான். அது எந்தச் செடி?"

எந்தச் செடியும் இல்லை. ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் எல்லாம் ஆய்வகத்தில் முழுக்க வடிவமைத்தவை. கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால்தான் பலன். நம் நாட்டில் அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. அதனால்தான் பயாப்சி எடுத்த பிறகும் இன்னொரு டெஸ்டுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள். செடி இல்லை என்பதால் மட்டமும் இல்லை.

"மஞ்சள்ல இருக்கிற குர்குமின் கேன்சர் செல்லைக் கொல்லுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே?"

கொல்லுகிறது, ஆய்வகத் தட்டில். அந்தச் செய்திகளில் பெரும்பாலும் வரும் ஏ549 என்பது, 1972-ல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல். தட்டில் இருக்கும் செல்மீது குர்குமினை நேரே ஊற்றலாம். உங்கள் நுரையீரலில் ஊற்ற முடியாது. வாய், குடல், கல்லீரல் தாண்டித்தான் போக வேண்டும். தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்திலும் மிகச் சொற்பமே தென்பட்டது. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். ஒரு டீஸ்பூனில் சுமார் 100 மில்லிகிராம். 8 கிராமுக்கு எத்தனை டீஸ்பூன் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் தானே ஒளிரும், கண்ட புரதத்திலும் ஒட்டும், சீக்கிரம் சிதையும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்யாமலே வேலை செய்ததுபோல் காட்டிவிடும். மருந்து வேதியியலாளர்கள் 2017-ல் இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். குழம்பில் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையாக டப்பா டப்பாய் வாங்குவதைத்தான் சொல்கிறேன். அது என் கடையிலும் இருக்கிறது, நல்ல கமிஷன் வேறு.

"கூட மிளகு சேர்த்தா உடம்புல ஏறிடுமாமே?"

உண்மைதான். 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. சொற்பத்தின் 20 மடங்கும் பெரிதில்லை என்பது ஒரு பக்கம்.

மறுபக்கம்தான் எனக்குக் கவலை. பைப்பரின் எப்படி ஏற்றுகிறது? மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல், குடல் என்சைம்களைத் தடுத்துத்தான். அதே என்சைம்கள்தான் மேலே சொன்ன ஜெஃபிடினிப்பையும் டோசிடாக்சலையும் கையாள்கின்றன. வாசலை அடைத்தால் மஞ்சள் மட்டும் உள்ளே தங்காது, மருந்தும் தங்கி அளவு ஏறும். மிளகு ரசம் சாப்பிடுங்கள். 'பைப்பரின் சேர்த்தது' என்று அச்சிட்ட காப்ஸ்யூலை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

"பிச்சாவரத்துத் தில்லை மரத்துல கேன்சருக்கு மருந்து இருக்குன்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்க. நெஜமா?"

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று படகுக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். சதுப்புநிலத் தாவரச் சாறுகளைப் புற்றுநோய் செல்லில் சோதித்த கட்டுரைகள் நிறைய உண்டு, தில்லையும் அதில் அடக்கம். மஞ்சளுக்குச் சொன்ன தட்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும். செல்லைக் கொல்லும் பொருள் நல்ல செல்லையும் கொல்கிறதா என்பது அடுத்த கேள்வி. பினாயில்கூடத் தட்டில் இருக்கும் செல்லைக் கொல்லும்.

"முள்சீத்தா இலை கீமோவை விடப் பத்தாயிரம் மடங்குன்னு வாட்ஸப்ல வந்துச்சே?"

அந்த எண் 1990-களின் ஆய்வக வேலையிலிருந்து வந்தது. குறிப்பிட்ட ஒரு பெருங்குடல் புற்று செல்லில், பிரித்தெடுத்த ஒரு மூலக்கூறு, ஒரு கீமோ மருந்தோடு ஒப்பிட்ட கணக்கு. நுரையீரலும் இல்லை, மனிதரும் இல்லை, இலைக் கஷாயமும் இல்லை. அந்த மரத்தில் உள்ள அன்னோனசின் நரம்பு செல்களைக் கெடுப்பது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோயைக் கண்டு எச்சரித்திருக்கிறார்கள். பேக்லிடாக்சலால் ஏற்கெனவே விரல் மரத்தவருக்கு இது எதற்கு?

"இயற்கைன்னா சைட் எஃபெக்ட் இருக்காதுல்ல?"

புகையிலை செடிதான். கொட்டைப்பாக்கும் மரத்தில்தான் காய்க்கிறது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சாகடிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே உண்டாக்கும். ஆடு தீண்டாததை நாம் ஏன் தீண்ட வேண்டும்?

"அப்ப கேரட் ஜூஸாவது குடுக்கலாமா? அதுல என்ன கெடுதல்?"

ஜூஸ் கொடுங்கள். ஆனால் கேரட்டின் நிறச்சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் புகைத்தவருக்கு. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பார்த்து, அந்தச் சத்தை மட்டும் கொடுத்தால் தடுக்கலாம் என்று நம்பினார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

நல்லது என்று எல்லோரும் நினைத்த பொருள், நல்ல எண்ணத்தோடு கொடுத்தவர்கள். ஆயிரக்கணக்கான பேரை இரண்டாகப் பிரித்து எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நான் அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"சித்த மருந்தும் சேர்த்து எடுக்கிறோம். டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே மேடம்?"

திட்டினாலும் சொல்லுங்கள். சித்த மருந்தெல்லாம் இலை தழை இல்லை. இரசகந்தி மெழுகில் இரசம் இருக்கிறது, அதாவது பாதரசம். சிஸ்பிளாட்டின் ஏறும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு சுமை. சேராங்கொட்டை லேகியம் வேறு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் ஓட்டு எண்ணெய் தோலை உரித்துவிடும். சேராங்கொட்டை அதே முந்திரிக் குடும்பம், அதைவிடக் காரம். முறையாகப் படித்த சித்த மருத்துவர் சுத்தி செய்துதான், அதாவது நஞ்சை முறித்துத்தான் கொடுப்பார். லேபிள் இல்லாத டப்பாவில் கொடுப்பவர் செய்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு அம்மா, மூன்று வாரமாக மகன் வாங்கிவந்த சூரணத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கல்லீரல் டெஸ்ட் ஏறிவிட்டது, கீமோ தள்ளிப்போனது, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. என் மேசைமேல் முடிச்சை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அதைத் தூக்கி எறியாமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். நீங்களும் டப்பா, பொட்டலம், பில் எதுவானாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பொருள் கையில் இருக்கட்டும்.

"கீமோ நாள்ல நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு?"

காய்ச்சல் வந்தால் நிலவேம்பு குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிதான். பப்பாளி இலை டெங்குவில் கேள்விப்பட்டது. கீமோவால் தட்டணு (பிளேட்லெட்) இறங்குவது வேறு காரணத்தால். இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

"பீடியை விடறதுக்காவது ஒரு மூலிகை இருக்கா?"

இந்தக் கேள்வி கேட்டவரைக் கும்பிடத் தோன்றியது. இருக்கிறது. லபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் விதையில் சிட்டிசின் என்ற பொருள் உண்டு. நிக்கோடின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்வதால் ஏக்கம் குறைகிறது. பல்கேரியாவில் 1960-களிலிருந்தே மாத்திரையாக இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்ததுதான் வாரெனிக்லின், டாக்டர் சீட்டோடு இங்கேயும் கிடைக்கும். விதையைத் தின்னக் கூடாது, அது விஷம். நோய் வந்த பிறகு விட்டு என்ன பயன் என்று கேட்காதீர்கள். சிகிச்சை எடுக்கும்போது விட்டவர்களுக்கும் பலன் உண்டு.

"எங்க சொந்தக்காரர் ஒருத்தர் 'மூலிகை மருந்து ட்ரையல், 40,000 கட்டினா சேத்துக்குவாங்க'ன்றார். சேரலாமா?"

உண்மையான சோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருத்துவச் சோதனைகள் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தமிழில் படித்துக் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவமும் கேளுங்கள். மூன்றும் இருந்தால் அந்தத் தாள்களோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் அப்படிப்பட்ட சோதனைகளில் யாரோ சேர்ந்ததால்தான் வந்தவை. சேர்வது தப்பே இல்லை. பதிவு எண் கேட்டதும் போனை வைத்துவிட்டால், 40,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும். பஸ் செலவுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் ஆகும்.